வானத்து எண்ணெயும் கல்லில் செருகிய வாளும்: இடைக்கால ஐரோப்பிய மன்னர் கதைகள் – கேள்வி பதில்

ஆளும் உரிமை இறைவன் தந்தது என்று இடைக்கால ஐரோப்பிய மன்னர்கள் எப்படி நிறுவினார்கள்? அந்தக் கதைகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கல்லிலிருந்து வாளை உருவியதால் பிரிட்டனின் பழங்கதை நாயகன் ஆர்தர் அரசனானான் என்கிறார்கள். இது தொடக்கத்திலிருந்தே இருந்த கதையா, ஐயா?

இல்லை. 1136 வாக்கில் மான்மத் ஜெஃப்ரி என்பவர் எழுதிய பிரிட்டன் மன்னர் வரலாற்றில் அந்தக் கல்லே கிடையாது. பிரபுக்கள் கேட்டுக்கொள்ள, பேராயர் பதினைந்து வயது ஆர்தருக்கு முடிசூட்டுகிறார், அவ்வளவுதான். கல்லும் வாளும் 1200ஐ ஒட்டி, ராபர்ட் டி போரோன் பெயரில் வழங்கும் பிரெஞ்சுக் கதையில் நுழைகின்றன. அதில் ஆர்தர் யார் மகன் என்பதே ஊருக்குத் தெரியாது. பிறப்பைச் சொல்லி அரியணை கேட்க முடியாதவனுக்கு இறைவனே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்தது அடுத்து வரும் பகுதி. வாளை உருவிக் காட்டிய பிறகும் பிரபுக்கள் ஒப்புக்கொள்வதில்லை. தவணை மேல் தவணை கேட்டுச் சோதிக்கிறார்கள். கிறிஸ்துமஸில் தொடங்கிய வழக்கு ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திருநாளில்தான் முடிசூட்டில் முடிகிறது. அற்புதம் நடந்தால் மட்டும் போதாது, ஆளப்படுவோரும் இசைய வேண்டும் என்பதைக் கதை மறைக்கவில்லை.

கேள்வி: பிரெஞ்சு மன்னர்களுக்கு வானத்திலிருந்து எண்ணெய் வந்ததாமே?

முடிசூட்டின்போது மன்னன்மீது புனித எண்ணெய் பூசுவார்கள்; அவன் இறைவனால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்பதற்கு அது அடையாளம். கி.பி. 500ஐ ஒட்டிய காலத்தில், பிற்காலப் பிரான்சை ஆண்ட ஃபிராங்க் இனத்தின் மன்னன் குளோவிஸுக்கு ரீம்ஸ் நகரில் ஆயர் ரெமிஜியுஸ் திருமுழுக்குக் கொடுத்தார். அப்போது ஒரு புறா குப்பியில் எண்ணெய் கொண்டுவந்தது என்பது கதை. அதை யார், எப்போது சொன்னார் என்று பாருங்கள். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அதே ரீம்ஸின் பேராயர் ஹிங்க்மார் சொல்கிறார். 869இல் மேற்கு ஃபிராங்க் மன்னன் வழுக்கை சார்லஸ், இறந்துபோன அண்ணன் மகனின் நாட்டைக் கைப்பற்றி மெட்ஸ் நகரில் முடிசூடுகிறான். உரிமை ஐயத்துக்குரியதாக இருந்த அந்த வேளையில்தான் வானத்து எண்ணெய் பேச்சில் வருகிறது. மன்னனுக்கு உரிமை கிடைத்தது, ரீம்ஸ் திருச்சபைக்குப் பெருமை கிடைத்தது.

ஆனால் இதை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. மக்கள் அதை உளமார நம்பினார்கள். 1429 ஜூலையில், ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்ட இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க், எதிரிகள் வசமிருந்த பகுதியைக் கடந்து பிரான்சின் ஏழாம் சார்லஸை ரீம்ஸுக்கு அழைத்துச் சென்றது அந்த எண்ணெய்க்காகத்தான். 1431இல் இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றி பாரிஸில் பிரான்சின் முடியைச் சூடினான். ரீம்ஸின் எண்ணெய் அவனுக்கு வாய்க்கவில்லை. பிரெஞ்சு மக்கள் பலர் அந்தக் குறையை மறக்கவில்லை.

கேள்வி: மன்னர் தொட்டால் நோய் தீரும் என்று படித்தவர்கள்கூட நம்பினார்களா?

நம்பினார்கள். கண்டமாலை என்னும் கழுத்துக் கழலை நோய்க்கு இங்கிலாந்திலும் பிரான்சிலும் மன்னர்கள் கைவைத்துத் தொட்டார்கள். பெரும்பாலும் காசநோயால் வரும் இந்தக் கட்டிகள் சில சமயம் தாமாகவே வற்றிவிடும். நம்பிக்கை நிலைக்க அது போதுமானதாக இருந்தது. இடைக்காலம் முடிந்த பிறகும் இது தொடர்ந்தது: பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் தொட்டவர்கள் மட்டும் 90,000 பேருக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். பின்னாளில் ஆங்கில அகராதி படைத்த சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக இருந்தபோது, 1712இல், ஆன் அரசி தொட்டார். அவருக்கு நோய் தீரவில்லை.

கேள்வி: இறைவன் தந்த பதவி என்றால் மன்னனை யாரும் தட்டிக்கேட்க முடியாதல்லவா? பாடநூலில் அப்படித்தான் படித்தேன்.

நீங்கள் படித்தது பதினேழாம் நூற்றாண்டுக் கோட்பாடு, இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் முழங்கியது. அதை இடைக்காலத்தின் தலையில் ஏற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. விவிலியத்தில் இறைவாக்கினர் சாமுவேல் எண்ணெய் ஊற்றி மன்னனாக்கிய சவுல் பிறகு இறைவனால் தள்ளப்பட்டான். இடைக்காலத்தவர் அதை மறக்கவில்லை. கொடுங்கோலனைக் கொல்வதும் நியாயமே என்று 1159இல் சாலிஸ்பரி ஜான் என்ற ஆங்கிலேய அறிஞர் எழுதினார். மன்னன் எந்த மனிதனுக்கும் கீழ்ப்பட்டவன் அல்லன், ஆனால் இறைவனுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவன் என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிராக்டன் பெயரில் வழங்கிய சட்டநூலின் வாக்கு. இங்கிலாந்தில் 1327இல் இரண்டாம் எட்வர்டையும் 1399இல் இரண்டாம் ரிச்சர்டையும் அரியணையிலிருந்து இறக்கினார்கள். இருவரும் முறைப்படி எண்ணெய் பூசப்பட்டவர்கள்.

ரிச்சர்டின் கதையைக் கேளுங்கள். கன்னி மரியாள் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புனிதர் தாமஸ் பெக்கட்டுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட எண்ணெய்க் குப்பி அவனுக்குக் கிடைத்தது. அதைத் தனக்கு மீண்டும் பூசச் சொன்னான். ஒருமுறைதான் பூசலாம் என்று பேராயர் மறுத்துவிட்டார். அவனை வீழ்த்திய நான்காம் ஹென்றிக்கே அந்த எண்ணெய் பூசப்பட்டது. இங்கும் உரிமை ஆட்டம் கண்ட இடத்தில்தான் அற்புதம் துணைக்கு வருகிறது.

கேள்வி: ஸ்காட்லாந்தின் முடிசூட்டுக் கல் இப்போது எங்கே?

ஸ்காட்லாந்தில். ஸ்கோன் என்ற ஊரில் மன்னர்கள் முடிசூடப் பயன்பட்ட அந்தக் கல், 1296இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் எடுத்துச் சென்றது, 1996இல் திரும்பியது. விவிலியத்தின் யாக்கோபு தலைவைத்துக் கனவு கண்ட கல் என்பது மரபுக்கதை. ஆனால் அது ஸ்கோன் வட்டாரத்து மணற்கல் என்கிறது நிலவியல்.

கேள்வி: ரீம்ஸ் குப்பி என்னவாயிற்று?

1793இல் பிரெஞ்சுப் புரட்சி அரசின் பிரதிநிதி ஒருவர் அதைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தார். சிலர் எண்ணெயில் சிறிதளவைக் காப்பாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். 1825இல் பிரான்சின் பத்தாம் சார்லஸின் முடிசூட்டுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். ஐந்தே ஆண்டுகளில் அவரும் முடியிழந்து நாட்டைவிட்டு வெளியேறினார்.