வீட்டில் உட்கார்ந்து சிலுவைப்பாதை செய்தால் பலன் உண்டா?

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வதால், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்குப் போக முடிவதில்லை. அவர் கட்டிலருகே உட்கார்ந்தே சிலுவைப்பாதை சொல்கிறேன். நடக்காமல், முழந்தாளிடாமல் சொன்னால் பலன் கிடைக்குமா? இயேசுவின் முகத்தைத் துடைத்ததாகச் சொல்லப்படும் வெரோணிக்கா விவிலியத்திலேயே இல்லை என்று என் மகன் வாதிடுகிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: கிடைக்கும். நோயாளியை விட்டு வர முடியாதவர்களுக்குத் திருச்சபை தனியாக வழி வைத்திருக்கிறது. அதைச் சொல்லும் முன், இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியின் பதினான்கு காட்சிகளை, அதாவது நிலைகளை, ஒவ்வொன்றாகத் தியானிக்கும் இந்தப் பக்தி எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டால் உங்கள் தயக்கம் பாதி போய்விடும்.

இயேசு நடந்த வழியில் நடந்து செபிக்கும் ஆசை மிகப் பழையது. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேம் போன எகேரியா என்ற பெண், அங்கே புனித வாரத்தில் மக்கள் ஒலிவ மலையிலிருந்து கெத்சமனி வழியாக இரவெல்லாம் நடந்து, ஆங்காங்கே நின்று நற்செய்தி வாசிக்கக் கேட்டதை எழுதிவைத்திருக்கிறார். 1342-இல் திருத்தந்தை 6-ஆம் கிளமெண்ட் அந்தப் புனித இடங்களைக் காக்கும் பொறுப்பைப் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் ஒப்படைத்தார். ஆனால் எத்தனை பேரால் அங்கே போக முடியும்? கடல் பயணம், செலவு, போர், வழிப்பறி என்று தடைகள் ஏராளம். போக முடியாதவர்கள் எருசலேமைத் தங்கள் ஊருக்கே கொண்டுவந்தார்கள். ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் ஆடம் கிராஃப்ட் என்ற சிற்பி, 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் இயேசுவின் பாடுகளை, அதாவது துன்பங்களை, கல்லில் செதுக்கி நிறுத்தினார்.

அப்போது நிலைகளின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறியது. ஏழு உண்டு, பன்னிரண்டு உண்டு, முப்பதைத் தாண்டிய வரிசைகளும் உண்டு. நாம் இன்று சொல்லும் வரிசை பெரும்பாலும் உருவானது, 16-ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து பகுதிகளில் அச்சான தியான நூல்களில். வீட்டை விட்டு நகராமல் மனத்தாலேயே எருசலேம் போய்வர விரும்பியவர்களுக்காக எழுதப்பட்ட நூல்கள் அவை. எருசலேமின் தெருக்களில் இன்று இருக்கும் பதினான்கு நிலைகளும் பிற்பாடு இந்த ஐரோப்பிய வரிசையை ஒட்டியே அமைந்தன. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. போக முடியாதவர்களின் செபம், போனவர்களுக்கே வழிகாட்டியிருக்கிறது.

பிறகு நடந்தவை சட்ட ஒழுங்குகள். 1686-இல் பிரான்சிஸ்கன் சபையினர் தங்கள் கோவில்களில் நிலைகளை நிறுவ அனுமதி பெற்றார்கள். 1731-இல் 12-ஆம் கிளமெண்ட் அதை எல்லாக் கோவில்களுக்கும் விரித்து, பதினான்கு என்ற எண்ணையும் உறுதி செய்தார். போர்ட் மோரிஸ் புனித லெனார்ட் என்ற பிரான்சிஸ்கன் துறவி இத்தாலியில் மட்டும் 570-க்கும் மேற்பட்ட இடங்களில் நிலைகளை நிறுவினார். 1750-இல் ரோமின் கொலோசியத்தில் நிறுவியவரும் அவர்தான். ஒவ்வொரு நிலையிலும் “திவ்விய இயேசுவே, உம்மை ஆராதித்து வணங்கி” என்று தொடங்குகிறோமே, அதன் மூல செபத்தைப் புனித பிரான்சிஸ் அசிசி 1226-இல் தம் சாசனத்தில் எழுதியிருக்கிறார்.

உங்களுக்கான பகுதி இதோ. 1773-இல் திருத்தந்தை 14-ஆம் கிளமெண்ட், நோயாளிகள், கடலில் இருப்பவர்கள், சிறையில் இருப்பவர்கள் போன்றோர் அதற்கென மந்திரிக்கப்பட்ட பாடுபட்ட சுரூபத்தை (இயேசு அறையுண்ட சிலுவை உருவத்தை) கையில் வைத்துச் செபித்து அதே ஞானப்பலனை, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனையிலிருந்து விடுதலையை, பெறலாம் என்று அறிவித்தார். இன்றைய விதி இன்னும் எளிது. கோவிலில் செய்பவர்கள் முறைப்படி நிறுவிய நிலைகளுக்கு முன் பாடுகளைத் தியானித்து, நிலைக்கு நிலை நகர வேண்டும். கூட்டமாகச் செய்தால், நடத்துபவர் நகர்ந்தாலே போதும். தக்க காரணத்தால் வர முடியாதவர்கள் ஆண்டவரின் பாடுகளையும் மரணத்தையும் சிறிது நேரம், ஏறத்தாழ கால் மணி நேரம், பக்தியோடு வாசித்துத் தியானித்தால் அதே பரிபூரணப் பலனை, அதாவது அந்தத் தண்டனை முழுவதும் நீங்கும் பலனை, அடையலாம். முழந்தாளிடுவது அழகான வழக்கம், ஆனால் பலனுக்கு நிபந்தனை அல்ல. படங்கள்கூடக் கட்டாயமில்லை. கோவில்களிலும் சட்டம் கேட்பது பதினான்கு சிலுவைகளைத்தான்.

ஆகவே உங்கள் மாமியார் களைத்திருக்கும் நாளில் பதினான்கு நிலைகளையும் முடித்தே தீர வேண்டும் என்று அவரை வருத்தாதீர்கள். மாற்கு நற்செய்தியின் 14, 15 அதிகாரங்களை நிதானமாக வாசியுங்கள், கால் மணி நேரம் தாராளமாக ஆகும். மனம் ஒன்றிக் கேட்டுத் தியானிக்கும் அவருக்கும் அந்தப் பலன் உண்டு. அவர் வெறும் பார்வையாளர் அல்ல.

உங்கள் மகன் சொல்வது சரி. வெரோணிக்கா துணியால் முகம் துடைத்தது நற்செய்திகளில் இல்லை. ஆண்டவர் மூன்று முறை விழுந்ததும், வழியில் தாயைச் சந்தித்ததும் அப்படியே. இவை மரபிலிருந்து வந்தவை, விசுவாசக் கோட்பாடுகள் அல்ல. அதற்காக அவற்றை வெறும் கற்பனை என்று ஒதுக்க வேண்டாம் என்பேன். பெண்கள் அழுது புலம்பிக்கொண்டே பின்சென்றதை லூக்கா 23:27 சொல்கிறது, சிலுவையடியில் தாய் நின்றதை யோவான் 19:25 சொல்கிறது. அந்த வரிகளுக்கு முன் நெடுநேரம் செபித்த மக்களின் தியானம்தான் இந்த நிலைகள். விவிலியத்தில் உள்ளதை மட்டும் தியானிக்க அவன் விரும்பினால், திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் 1991 புனித வெள்ளியன்று கொலோசியத்தில் பயன்படுத்திய வரிசையைக் கொடுங்கள். கெத்சமனியில் தொடங்கும் அந்தப் பதினான்கு நிலைகளும் நற்செய்தியிலிருந்து எடுத்தவை. நல்ல கள்வனுக்கும் அதில் ஒரு நிலை உண்டு. ஒரு வெள்ளி அதை, மறு வெள்ளி இதை என்று குடும்பமாகவே செய்யலாம்.

இன்னொன்று. பரிபூரணப் பலனுக்குப் பாவப்பற்று அறவே விட்ட மனம் வேண்டும், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்), நன்மை (நற்கருணை) வாங்குதல், திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் ஆகியவையும் வேண்டும். இவை அதே நாளில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை, சில நாள் முன்னோ பின்னோ இருக்கலாம். மாமியாருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் நற்கருணை கொடுக்கவும் வீட்டுக்கு வரும்படி பங்குத்தந்தையிடம் இந்த வாரமே கேளுங்கள். அவர் வரும்போது நீங்களும் அதே அறையில் நன்மை வாங்கலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.