பழைய சீனக் கல் பலகைகளில் மலை, மேகம், கிழவர், கொக்கு என்று செதுக்கியிருக்கிறார்களே, அது நிஜமான இடமா? ஜேட் கல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிங்கப்பூரில் பழம்பொருள் கடை ஒன்றில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். இந்த மாதிரிப் பலகைகளைத் துடைத்து வைப்பதும் என் பொறுப்பு. முதல் ஆறு மாதம் எனக்கு அவை வெறும் மலையும் மரமும்தான். ஒருநாள் முதலாளியம்மா பக்கத்தில் வந்து நின்று, "கீழேயிருந்து பாரு, பாதை எங்கே தொடங்குதுன்னு தேடு" என்றார்.

அடியில் அலைகள். அதை ஒட்டி ஒரு சின்னப் பாலம். பாலத்தில் ஊன்றுகோலோடு ஒரு கிழவர், பின்னால் பீச் பழம் ஏந்திய பையன். பாதை ஒரு பாறைக்குப் பின்னால் மறைந்து, விரற்கடை அளவு மேலே பைன் மரத்தடியில் மறுபடி தலைகாட்டுகிறது. அப்படியே ஏறிப் போனால் உச்சியில் மேகத்துக்குள் பாதி புதைந்த ஒரு மாடம். அன்றைக்கு அந்த ஒரு பலகையைத் துடைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

அந்த மலை பெரும்பாலும் பெங்லாய். கிழக்குக் கடலில் சாகாவரம் பெற்றவர்கள் வாழ்வதாகச் சீனர்கள் நம்பிய மூன்று மலைகளில் ஒன்று. பறவையும் விலங்கும் அங்கே வெள்ளை நிறம், மாளிகைகள் பொன்னும் வெள்ளியும். தூரத்தில் மேகம் போலத் தெரியும், கிட்டப் போனால் தண்ணீருக்கு அடியில் போய்விடும் என்று வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதி வைத்திருக்கிறார். முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் அதைத் தேடி கி.மு. 219இல் ஷூ ஃபூ என்பவரை, ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரோடு கடலுக்கு அனுப்பினார். கீழே அலையும் மேலே மேகமும் செதுக்குவது இந்தக் கதையால்தான். சில பலகைகளில் இருப்பது மேற்கே உள்ள குன்லுன் மலை, மேற்கின் அரசித்தாய் என்ற பெண் தெய்வம் வாழும் இடம்.

நெற்றி புடைத்த கிழவர் ஆயுளுக்குரிய தெய்வமான ஷோலாவ். கொக்கும் பைனும் நீண்ட ஆயுள். மான் வருவது உச்சரிப்பால்: மானுக்கும் அரசுச் சம்பளத்துக்கும் சீனத்தில் ஒரே ஒலி, 'லூ'. வௌவாலும் அப்படித்தான், 'ஃபூ' என்றால் வௌவால், நற்பேறும் அதே 'ஃபூ'.

சரி, கல்லுக்கு வருவோம். எனக்கு இன்றும் மலைப்பாக இருப்பது இதுதான்: ஜேட் கல்லை உளியால் செதுக்க முடியாது. அதைவிடக் கடினமான மணலை நீரில் குழைத்து, சுழலும் கருவியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்தே எடுக்க வேண்டும். ஒவ்வொரு பைன் இலையும் அப்படி அரைத்து எடுத்ததுதான். 1759இல் சின்ஜியாங் பகுதி சியென்லொங் பேரரசரின் கைக்கு வந்தபின் அங்குள்ள கோட்டான் (Khotan) என்ற ஊரிலிருந்து பெரிய பெரிய ஜேட் கற்கள் வந்தன. ஓவியங்களைப் பார்த்தே அவற்றில் மலைக்காட்சிகளைச் செதுக்கச் சொன்னார் அவர். பெய்ஜிங் அரண்மனையில், பழங்கதைகளில் வரும் யூ மன்னர் வெள்ளத்தை அடக்கும் காட்சியோடு நிற்கும் ஜேட் மலை 5 டன்னுக்கும் மேல். யாங்ஜோ கைவினைஞர்கள் 1787இல் முடித்தார்கள். பலகைகள் அளவில் சின்னவை. கருங்காலி மாதிரிக் கறுத்த மரச்சட்டத்தில் நிறுத்தி, அறிஞர்கள் மேசையில் வைத்துக்கொண்டார்கள். மை அரைக்கும் கல்லில் காற்றுப்பட்டு மை உலராமல் மறைக்கவும் சின்னத் திரைகள் உதவின.

பலகை ஜேட்தானா என்று பார்க்க: அடிப்பக்கத்தில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். பொடி வந்தால் அது மாக்கல், நம் கல்சட்டி செய்கிற கல் வகை. அதிலும் அருமையான பழைய வேலை உண்டு, ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கத்தியால் மட்டும் கீறிவிடாதீர்கள். அப்புறம், விளக்கை அணைத்துவிட்டுப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். நல்ல ஜேட் என்றால் மெல்லிய வானப்பகுதி ஒளிரும், மலைகள் கறுத்து நிற்கும். பார்த்தே அடையாளம் சொல்ல முடியாத கல்லும் உண்டு, அதற்கு ரத்தினப் பரிசோதனைக் கூடம்தான் வழி.

உங்கள் பலகையின் அடியில் பாலம் இருக்கிறதா? படம் எடுத்துப் போடுங்கள், பாதை எங்கே ஏறுகிறது என்று சேர்ந்து தேடலாம்.