மீன் தொட்டி கேள்வி-பதில்: ஞாயிறு ஊற்றிய மருந்து வியாழன்வரை வருமா?

கேள்வி (மதுரை வாசகி): எங்கள் தொட்டி 100 லிட்டர். நான்கு கோல்டு ஃபிஷ். ஞாயிறுதோறும் கால்வாசித் தண்ணீர் மாற்றி, குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து ஊற்றுகிறோம். நடுவில் வியாழக்கிழமை, அடியில் தங்கும் கழிவை டியூபால் உறிஞ்சிவிட்டு, குறைந்ததற்கு இரண்டு குடம் குழாய்த் தண்ணீர் ஊற்றுவேன். ஞாயிறு ஊற்றிய மருந்துதான் இருக்கிறதே என்று அப்போது எதுவும் கலப்பதில்லை. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் ஊற்றிய அரை மணி நேரத்தில் நான்கும் மேலே வந்து வாயைப் பிளந்தன. அந்த மருந்துக்கு எத்தனை நாள்தான் சக்தி, அண்ணா?

பதில்: நாள் கணக்கே கிடையாதம்மா, நிமிடக் கணக்குதான். ஆன்டி குளோரினில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். அந்தக் காலத்து போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்பார்களே, அதுதான். பார்க்கக் கல்கண்டு மாதிரியே இருக்கும், அதனால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு மில்லிகிராம் குளோரினை முறிக்க இதில் சுமார் ஏழு மில்லிகிராம் செலவாகும். நன்றாகக் கலக்கிவிட்டால் ஓரிரு நிமிடத்தில் குளோரினும் போய்விடும், அதோடு மோதிய மருந்தும் தீர்ந்துவிடும். பழைய கடனை அடைத்த பணத்தைப் புதுக் கடனுக்கு நீட்ட முடியுமா?

கொஞ்சம் கூடுதலாக ஊற்றியிருந்தால் மிச்சம் சில நேரம் தண்ணீரில் கிடக்கும்தான். ஆனால் காற்றும் நுண்ணுயிரிகளும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். வியாழனன்று எவ்வளவு பாக்கி என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பிக் குடத்தைத் தூக்காதீர்கள்.

இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். குழாயில் வரும் குளோரின் தினம் ஒரே அளவில் இருக்காது. வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தர விதி. மழைக்காலத்திலும், குழாய் பழுது பார்த்த பிறகும் தாராளமாகவே போடுவார்கள். போன வாரம் உங்களுக்கு அப்படி ஒரு நாள் வாய்த்திருக்கிறது.

நானும் இதே கணக்கில் அடி வாங்கியவன்தான். கொளத்தூரில் மீன் கடை திறந்த முதல் கோடை. காலையில் ஏஞ்சல் மீன் தொட்டிக்கு மருந்து ஊற்றியாயிற்று. சாயங்காலம் தண்ணீர் குறைந்திருந்தது. வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே, லாரித் தண்ணீர் டிரம்மிலிருந்து ஓஸை நேராகத் தொட்டிக்குள் விட்டேன். அன்றைய லோடில் மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை. காலையில்தான் மருந்து ஊற்றினோமே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஷட்டரைத் தூக்கினால் பதினோரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன. ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், சிவப்பே இல்லை. குளோரின் முதலில் பொசுக்குவது செவுளைத்தான். அப்புறம் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவை.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றால் ஒரு குளோரின் டெஸ்ட் கிட் வாங்குங்கள். பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர்கள் குளோரோஸ்கோப் என்று வைத்திருப்பது இதன் அண்ணன். இரண்டு டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து, ஒன்றில் மட்டும் இரண்டு சொட்டு ஆன்டி குளோரின் விட்டுக் கலக்குங்கள். பிறகு இரண்டிலும் கிட்டில் உள்ள சொட்டு மருந்தை விடுங்கள். ஆன்டி குளோரின் விடாதது மஞ்சளாகும், விட்டது அப்படியே தெளிவாக நிற்கும். பார்த்ததும் இரண்டையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, அந்த டம்ளர்களைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சொட்டு மருந்து விஷம்.

இனி குடத்திலேயே மருந்தைக் கலந்து ஊற்றினால் குடத்தின் அளவுக்குப் போதும். நேராகத் தொட்டியில் ஊற்றுவதானால் முழு 100 லிட்டருக்கும் கணக்கிட்டு, முதலில் மருந்து, பிறகு தண்ணீர். அதற்காக தினமும் ஊற்ற வேண்டாம். ஒருமுறை முறித்த தண்ணீரில் குளோரின் மறுபடி முளைக்காது. மீன்கள் மீண்டும் வாயைப் பிளந்தால் உடனே முழுத் தொட்டிக்கும் மருந்து ஊற்றி, ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். அன்றைக்கு இரை வேண்டாம்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): ஊரில் அப்பா வாளியில் ஒரு நாள் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஊற்றுவார், மருந்தே வாங்கியதில்லை. இங்கே அது போதாது என்கிறார்கள். இங்கே விற்கும் மருந்து பாட்டிலிலும் ‘48 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறதே?

பதில்: உங்கள் அப்பா செய்தது சரி. திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் வெறும் குளோரின் பறந்துவிடும், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டால் இன்னும் சீக்கிரம். ஆனால் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின், அதாவது அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின். அது வாளியில் வைத்தால் அவ்வளவு சுலபமாகப் போகாது. வெறும் ஹைப்போ அதிலுள்ள குளோரினை முறித்து அம்மோனியாவை அப்படியே விட்டுவிடும். எனவே அம்மோனியாவையும் கட்டிப்போடும் மருந்தாகப் பார்த்து வாங்குங்கள். அந்த 48 மணி நேரம், அம்மோனியாவைக் கட்டிவைப்பதாக அவர்கள் சொல்லும் கணக்கு. குளோரினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்குள் ஃபில்டர் பாக்டீரியா அம்மோனியாவைத் தின்று முடித்துவிடும். ஃபில்டர் புதிது என்றால் அந்த நம்பிக்கை வேண்டாம், தினமும் அம்மோனியா டெஸ்ட் செய்யுங்கள்.

கேள்வி (சேலம் வாசகி): இரண்டு வருடம் முன் வாங்கிய பாட்டில். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: தயோசல்பேட் கெட்டுப்போனால் கந்தகம் பிரிந்து அப்படித்தான் படியும். கொட்டிவிடுங்கள். புதிதை ஜன்னல் வெயில் படாத இடத்தில் வைத்து, மூடியில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள்.