ஈயம் எங்கே உருகுகிறது? வால்வு ஆம்ப்ளிஃபயர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் வீட்டில் கட்டிய வால்வு (வெற்றிடக் குழாய்) ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் பற்றியவை. பதில்களுக்கு முன் ஒன்று: பிளக்கைப் பிடுங்குங்கள், கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை வடியுங்கள், மீட்டரில் பாருங்கள், பிறகு தொடுங்கள். உள்ளே இருப்பது 250 வோல்ட் டிசி.

கேள்வி: முதலில் நன்றாகப் பாடுகிறது. கால் மணி நேரம் ஆனதும் இடது பக்கம் கரகரக்கிறது. பெட்டியைத் தட்டினால் நின்றுவிடுகிறது. வால்வை மாற்ற வேண்டுமா? (மதுரை)

அதற்குள் காசைச் செலவழிக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வால்வு என்றால் இடம் மாற்றிச் செருகுங்கள். கரகரப்பு வலது பக்கம் போனால் வால்வின் குற்றம். இடது பக்கமே நின்றால் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத ஈய (சால்டர்) இணைப்பு. சூடேறி விரியும்போது இணைப்பு விட்டுவிடுகிறது. சாக்கெட் நேராக போர்டில் பற்றவைக்கப்பட்டிருந்தால் முதலில் அங்கே பாருங்கள். வால்வைச் செருகிப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒன்பது இணைப்புகள்தான் இழுபடுகின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல ஒரு வட்டம் ஓடியிருக்கும். அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஈயத்தைப் பூசி மறைக்காதீர்கள். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். ஓடும்போதே தேடினால்தான் அகப்படும் என்றால், உலர்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வோர் இணைப்பாக அழுத்திப் பாருங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும், மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

கேள்வி: ஈயமில்லாத சால்டர் வாங்கினேன். எல்லா இணைப்பும் மங்கலாக இருக்கிறது. எல்லாமே டிரை சால்டரா? (திருச்சி)

இல்லை. அந்தச் சால்டர் ஆறினால் மங்கலாகத்தான் இருக்கும். பளபளப்பைப் பார்க்காமல் வடிவத்தைப் பாருங்கள்: சால்டர் கம்பியை ஒட்டிச் சரிந்து இறங்கியிருந்தால் நல்லது, உருண்டையாக உட்கார்ந்திருந்தால் கெட்டது. அது உருகுவதற்கே ஏறக்குறைய 220 டிகிரி வேண்டும். வீட்டு வேலைக்கு 183 டிகிரியில் உருகும் 63/37 சால்டர் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) போதும். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயர் வேலை செய்யவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன். என்ன கோளாறு? (ஊர் பெயர் இல்லை)

படத்தில் ஒரு பெட்டி தெரிகிறது. எத்தனை வோல்ட் என்று எழுதாதவருக்கு நான் என்ன சொல்ல முடியும்? வால்வின் உள் முனைகளான பிளேட், கிரிட், கேத்தோடு மூன்றிலும் கிரவுண்டுக்கு எத்தனை வோல்ட் என்று அளந்து எழுதுங்கள். ஹீட்டர் (வால்வின் உள்ளே சிவக்கும் இழை) எரிந்தும் பிளேட்டில் சப்ளை வோல்டேஜ் முழுதாக நின்றால், வால்வில் மின்னோட்டமே இல்லை. கேத்தோடு ரெசிஸ்டரின் இரு முனைகளையும் பாருங்கள். சப்ளை இருந்தும் பிளேட்டில் பூஜ்யம் என்றால் பிளேட் ரெசிஸ்டரைப் பாருங்கள். அளப்பதற்கு மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் கவ்விவிட்டு ஒரே கையால் அளக்க வேண்டும்.

கேள்வி: சால்டரிங் அயர்ன் நுனியைப் பேஸ்ட் (ஈயம் ஒட்ட உதவும் பசை) டப்பாவில் தோய்த்து, ஈயத்தை எடுத்துப் போய் இணைப்பில் வைக்கிறேன். நன்றாக ஒட்டுகிறது. ஆனால் ஆறு மாதத்தில் சாக்கெட்டைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறது, ஒலியும் உடைகிறது. ஏன்? (சேலம்)

இதே கேள்விக்கு எத்தனையாவது முறையாகப் பதில் எழுதுகிறேன் என்று எனக்கே நினைவில்லை. ஒலி உடைவதற்குக் காரணம் அந்த டப்பாதான். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல பேஸ்டுகளில் கிரீஸோடு துத்தநாகக் குளோரைடு கலந்திருக்கிறது. தகரமும் குழாயும் பற்றவைக்கிறவர்களுக்கு அது பொருந்தும், வேலை முடிந்ததும் கழுவிவிடுவார்கள். வால்வு சாக்கெட்டில் அது தங்கிவிடுகிறது, ஈரத்தை இழுக்கிறது, செம்பை அரிக்கிறது, மின்சாரத்தையும் கடத்துகிறது.

12ஏயூ7 வால்வில் 1ஆம் பின் பிளேட், அதை ஒட்டிய 2ஆம் பின் கிரிட். நடுவே சில மில்லிமீட்டர்தான். பிளேட்டில் 100 வோல்ட், பசை வழியாக 50 மெகா ஓம் கசிவு, கிரிட் ரெசிஸ்டர் 1 மெகா ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிட்டில் ஏறக்குறைய 2 வோல்ட் ஏறிவிடும். நாலைந்து வோல்ட் பயாஸில் (கேத்தோடைவிடக் கிரிட் தாழ்ந்து நிற்க வேண்டிய அளவு) ஓடும் வால்வுக்கு அது பாதி பங்கு. பிறகு ஒலி உடையாமல் என்ன செய்யும்?

இரண்டாவது தவறு, ஈயத்தை நுனியில் சுமந்து போவது. ஈயக்கம்பியின் உள்ளேயே ரோசின் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) இருக்கிறது. நுனியில் உருக்கினால் அது ஓரிரு நொடியில் புகையாகிவிடும். நீங்கள் இணைப்புக்குக் கொண்டு போவது ரோசின் செத்த ஈயம். அது ஒட்டவில்லை என்றுதான் பேஸ்டைத் தேடிப் போகிறீர்கள். ஒரு தவறை மறைக்க இன்னொன்று. ஈயம் உருக வேண்டிய இடம் இணைப்பு. நுனியைக் கம்பியும் பின்னும் சேரும் இடத்தில் வைத்து இரண்டையும் சூடாக்குங்கள். இரண்டு நொடி கழித்து ஈயக்கம்பியை எதிர்ப்பக்கத்தில் தொடுங்கள். சூடு சரியாக இருந்தால் ஈயம் தானாகப் பாய்ந்து கம்பியைச் சுற்றிக்கொள்ளும். முதலில் ஈயத்தை எடுங்கள், அடுத்து அயர்னை. ஊதாதீர்கள், ஆட்டாதீர்கள். கண்ணாடி போல மின்னும் ஈயத்தின் மேல் சட்டென ஒரு மெல்லிய திரை விழும்; அது உறைந்த கணம். அதுவரை கை அசையக்கூடாது.

பழைய ரெசிஸ்டரின் கால் கறுத்திருந்தால் பிளேடால் சுரண்டிவிட்டு ஈயம் பூசிக்கொள்ளுங்கள். அதற்கும் பேஸ்ட் தேவையில்லை. கட்டாயம் வேண்டுமென்றால் ரோசினை மட்டும் வாங்குங்கள்.

உங்கள் சாக்கெட்டைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், கழற்றிப் புதிது போடுங்கள். போர்டைச் சுத்த ஆல்கஹாலால் துடைத்து, வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய வையுங்கள். டப்பாவை மேசையிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: வால்யூம் கன்ட்ரோலின் உலோகத் தண்டைத் தொட்டால் இரைச்சல் நிற்கிறது. கையை எடுத்தால் வருகிறது. (யாழ்ப்பாணம்)

கன்ட்ரோலின் உடல் கிரவுண்டில் இல்லை. அலுமினியப் பெட்டியில் கம்பியை நேராகப் பற்றவைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது, மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து, வளைய லக்கை (கம்பியைப் பற்றவைக்கும் உலோக வளையம்) போல்ட்டால் முறுக்குங்கள். கம்பியை லக்கில் பற்றவையுங்கள். பிளக்கின் மூன்றாவது பின்னுக்குப் போகும் எர்த் கம்பியை ஒருபோதும் வெட்டாதீர்கள். திறக்கும் முன் பிடுங்குங்கள், வடியுங்கள், பாருங்கள், பிறகு தொடுங்கள்.

கேள்வி: 12ஏயூ7 வால்வில் ஒரு பாதி மட்டும் சிவக்கிறது. (ஈரோடு)

ஹீட்டரின் 6.3 வோல்ட் இணைப்பில் 4, 5 பின்களைச் சேர்த்து ஒரு முனை, 9 மற்றொரு முனை. 4ஓ 5ஓ விட்டிருக்கிறது.

கேள்வி: அதே சாக்கெட்டில் 6டிஜே8 வால்வைச் செருகலாமா? எரியவே இல்லை. (ஈரோடு, அதே வாசகர்)

எரியாது. அதன் ஹீட்டர் 4க்கும் 5க்கும் நடுவே. நீங்கள்தான் இரண்டையும் சேர்த்துவிட்டீர்களே. 9 அதில் உட்கவசம். வால்வை மாற்றும் முன் பின் வரிசையைப் பாருங்கள்.

கேள்வி: கெப்பாசிட்டரை ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்தால் போதாதா? (கோவை)

கூடாது. 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டருக்கு இன்சுலேட் செய்த கிளிப் போட்டு இரு முனையிலும் சில நொடி பிடியுங்கள். எடுத்த பிறகும் வோல்டேஜ் கொஞ்சம் மீண்டும் ஏறும். ஆகவே மறுபடியும் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் கை வையுங்கள்.

கேள்வி: எல்லாம் பற்றவைத்து முடித்தேன். ஹெட்ஃபோனைச் செருகலாமா? (சென்னை)

இப்போது வேண்டாம். ஜாக்கில் 33 ஓம் ரெசிஸ்டர் போட்டு, சுவிட்ச் போட்டு இரண்டு நிமிடம் கழித்து டிசி அளந்து பாருங்கள். சில பத்து மில்லி வோல்ட்டுக்கு மேல் நின்றால் ஹெட்ஃபோனுக்குப் போகும் வெளியீட்டுக் கெப்பாசிட்டரையும் அதன் இணைப்புகளையும் பாருங்கள். அதற்குப் பிறகும் முதலில் செருக வேண்டியது மலிவான ஹெட்ஃபோன்தான்.