வைக்கோல் மக்குவதற்கு எவ்வளவு சூடு வேண்டும்?

கேள்வி: நெல் வைக்கோலையும் வரப்பில் அறுத்த புல்லையும் சாணத்துடன் அடுக்கடுக்காகக் குவித்து, அக்னி நட்சத்திர வெயிலில் சீக்கிரம் மக்கிவிடும் என்று வெட்டவெளியிலேயே விட்டிருந்தேன். இப்போது பிரித்துப் பார்த்தால், நடுப்பகுதி சாம்பல் பூத்தாற்போல் வெளுத்து உலர்ந்திருக்கிறது; வைக்கோல் தாள் முழுசாகவே இருக்கிறது. காரணம் என்ன?
– ஒரு வாசகர், அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்

பதில்: மக்குவதற்கு வேண்டிய சூட்டை வெயில் தருவதில்லை, வைக்கோலைத் தின்னும் நுண்ணுயிர்களே அதை உண்டாக்குகின்றன. ஈரமும் காற்றும் போதுமான அளவு இருந்தால், ஒரு மீட்டர் உயரக் குவியல் சில நாட்களிலேயே 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். 50 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில்தான் வைக்கோலின் நார்ப்பொருளான செல்லுலோஸ் வேகமாகச் சிதைகிறது. களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிகின்றன. அதற்கு மேல் போனால் பூஞ்சைகள் மடியத் தொடங்கும்; 70 டிகிரியை நெருங்கும்போது பெரும்பாலான நுண்ணுயிர்கள் செயலிழந்துவிடும். வைக்கோலுக்கு உறுதி தரும் லிக்னினை உடைப்பவை முக்கியமாகப் பூஞ்சைகளே என்பதால், அவை மடிந்த குவியலில் தாள் முழுசாகவே நிற்கும்.

தங்கள் குவியலில் உட்சூடு ஈரத்தை ஆவியாக்கியிருக்கிறது. வேலூர் வெயிலும் காற்றும் மேற்புறத்தை உலர்த்தியிருக்கின்றன. நீங்கள் கண்ட வெண்சாம்பல் பூச்சு, சூடான, உலர்ந்த இடத்தில் வளரும் ஆக்டினோமைசீட்ஸ் என்னும் நுண்ணுயிர்களுடையது. அதனால் உரத்துக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதைக் கிளறும்போது பறக்கும் தூசியை மூச்சில் இழுக்காமல், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

குவியலைக் கலைத்து, புங்க மரத்தடி போன்ற நிழலுக்கு மாற்றுங்கள். உலர்ந்த பகுதியைச் சாணிக்கரைசலால் நனைத்து, உள்ளிருந்தது வெளியிலும் வெளியிலிருந்தது உள்ளேயும் வருமாறு அடுக்குங்கள். ஒரு பிடியை இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசிவதே சரியான ஈரம்; நீர் ஒழுகினால் காற்றோட்டம் நின்று நாற்றமடிக்கும். நெல் வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. ஆகவே சாணத்தையும் பச்சைப் புல்லையும் தாராளமாகவே சேர்க்கலாம்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால், இரும்புக் கம்பி ஒன்றைக் குவியலின் நடுவே செருகிச் சிறிது நேரம் கழித்து உருவி, நுனியை மெல்லத் தொட்டுப் பாருங்கள். சற்று நேரம் பிடித்திருக்க முடிந்தால் சூடு அளவாக இருக்கிறது. தொட்டவுடன் கையை எடுக்க நேர்ந்தால் அன்றே புரட்டி நீர் தெளிக்க வேண்டும். சூடு தணிந்து, புரட்டியும் மீண்டும் ஏறாத நிலை வந்த பிறகும் உடனே வயலில் இறைத்துவிடாமல், ஈரம் காத்து மேலும் ஓரிரு மாதங்கள் விட்டுவையுங்கள். எஞ்சிய லிக்னினைப் பூஞ்சைகள் சிதைப்பது அந்த மிதமான சூட்டில்தான்.