வைபை டிரைவரின் வேகக் கட்டுப்பாட்டில் வழு: முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும்?

சமிக்ஞை வலுவாக இருந்தும் இணைப்பின் வேகம் 6.5 மெகாபிட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது, வேகத்தைத் தெரிவுசெய்யும் நிரலில் தவறை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில் ஒரு யுஎஸ்பி வைபை சாதனத்தின் லினக்ஸ் டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் நிரலை, திருத்திக்கொண்டிருந்தபோது எனக்கும் இதுவே நேர்ந்தது. உப்புக்காற்றில் யன்னல் கம்பியே துருப்பிடிக்கும் ஊர் என்பதால் முதலில் அன்டெனாவைச் சந்தேகித்தேன். பிறகு, அயலிலுள்ள விருந்தினர் விடுதிகளின் ரவுட்டர்கள் 6ஆம் சனலில் நெருக்கியடிப்பதைப் பார்த்து 11ஆம் சனலுக்கு மாறினேன். இரண்டு வார இறுதிகள் வீணானதுதான் மிச்சம்.

நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது வேறு. லினக்ஸில் வைபையை அமைக்கும் ஐடபிள்யூ (iw) கட்டளையால் வேகத்தை எம்சிஎஸ் 7 (MCS 7) என்ற வேகப் படியில், அதாவது 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் 65 மெகாபிட்டில், நிலைநிறுத்திவிட்டு ஒரு பெரிய கோப்பை அனுப்பிப் பார்த்தேன். அது தடங்கலின்றிப் போய்ச் சேர்ந்தது. காற்றும் அன்டெனாவும் குற்றமற்றவை, வேகத் தெரிவுதான் தவறுகிறது என்பது அத்துடன் உறுதியாயிற்று.

ஆனால் தெரிவு தவறினால் தெரிவுசெய்யும் நிரலே பிழை என்று ஆகாது. லினக்ஸின் வைபை பகுதியான மேக்80211 (mac80211) அடுக்கில் வேகத்தைத் தெரிவுசெய்யும் மின்ஸ்ட்ரல் என்ற நிரல், அனுப்பிய ஒவ்வொரு சட்டகத்துக்கும் (தரவுப் பொதிக்கும்) எந்த வேகத்தில் எத்தனை முயற்சி, எத்தனை வெற்றி என்று டிரைவர் சொல்வதை அப்படியே நம்பி, வேகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றி வாய்ப்பைக் கணிக்கிறது; அந்த வாய்ப்பு 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அவ்வேகத்தின் பயனைப் பூச்சியமாகவே கொள்கிறது. பல ஆண்டுகளாகப் பலர் பயன்படுத்தும் அந்த நிரலைவிட, நேற்று நான் எழுதிய டிரைவர் பொய் சொல்வதற்கே வாய்ப்பு அதிகம்.

கேர்னல் தன் உள்நிலையைக் காட்டும் டிபக்எஃப்எஸ்ஸில் (debugfs), இணைந்துள்ள ரவுட்டருக்குரிய ஆர்சி_ஸ்டாட்ஸ் (rc_stats) கோப்பைத் திறந்தபோது, எம்சிஎஸ் 7க்கு எதிரே முயற்சிகள் ஏறிக்கொண்டே போக, வெற்றி மட்டும் அசையாமல் நின்றது. அதே நேரத்தில் இன்னொரு மடிக்கணினியை மொனிட்டர் முறையில் வைத்துக் காற்றில் போவதைப் பிடித்துப் பார்த்தால், அந்த வேகத்தில் போன சட்டகங்களுக்கு ரவுட்டர் ஒழுங்காகவே ஒப்புதல் (வந்து சேர்ந்தது என்ற பதில்) அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு பதிவுகளையும் அருகருகே வைப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு தடயமும் இருந்தது. இணைந்த முதற்சில கணங்களில் வேகம் நன்றாக இருந்து, பதிவிறக்கம் சூடுபிடித்ததும் சரிந்தது. பிங் என்ற சிறு சோதனைப் பொதிகள் மட்டும் ஓடும்போது மெல்ல மீண்டது. சட்டகங்களைக் கட்டாக அனுப்பும் ஏற்பாடு தொடங்கியதும்தான் கெடுகிறது என்று அது சொன்னது. கட்டுக்கு 64 சட்டகங்கள் வரை போகலாம். எவை சேர்ந்தன என்பதை ரவுட்டர் ஒரு பிட் வரிசையாகவும், அது எந்த வரிசை எண்ணிலிருந்து தொடங்குகிறது என்பதையும் சேர்த்து அனுப்பும். அந்தத் தொடக்க எண் வரும் புலத்தின் கீழ் 4 பிட்கள் சட்டகத்தின் துண்டு எண்ணுக்குரியவை, மேல் 12 பிட்களே வரிசை எண். நானோ 4 பிட் வலப்புறம் நகர்த்தாமல் ஒப்பிட்டிருந்தேன். அதனால் ஏறக்குறைய எல்லாமே தொலைந்ததாகக் கணக்காயின. மீள்அனுப்புதலைச் சாதனத்துக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் என்ற நிரலே பார்த்துக்கொண்டதால் தரவு எதுவும் உண்மையில் தொலையவில்லை. அதனால்தான் இந்தப் பிழை இவ்வளவு நாள் ஒளிந்திருந்தது.

ஒரு வரியைத் திருத்தியதும் தெரிவு 58.5க்கும் 65க்கும் இடையே நிலைத்தது. உங்கள் டிரைவரிலும் கட்டின் நீளத்தையும் ஒப்புதல் பெற்ற எண்ணிக்கையையும் நிரப்பும் இடத்தை முதலில் பாருங்கள். முயற்சி எண்ணிக்கையில் முதல் அனுப்புதலும் சேரும், மீள்முயற்சிகளை மட்டும் எழுதிவிடாதீர்கள். வேகத்தை ஃபர்ம்வேரே தெரிவுசெய்யும் சாதனமாக இருந்தால் மின்ஸ்ட்ரல் அங்கே இயங்காது, ஆர்சி_ஸ்டாட்ஸ் கோப்பும் இராது. அப்போது பெரிதும் கைகொடுப்பது அந்த மொனிட்டர் பதிவுதான்.