நெக்லேரியா, அகாந்தமீபா, என்டமீபா மூன்றும் ஒரே குடும்பமா?

இல்லை. கேரளத்திலிருந்து அமீபா மூளைக்காய்ச்சல் செய்தி வரும்போதெல்லாம் எழும் கேள்வி இது. மூன்றும் நோய் தரக்கூடிய அமீபாக்கள். அகாந்தமீபாவும், சீதபேதி உண்டாக்கும் என்டமீபாவும் அமீபோசோவா என்ற பெரும்பிரிவைச் சேர்ந்தவை. மூளைக்காய்ச்சல் தரும் நெக்லேரியா வருவது ஹெட்டரோலோபோசியா என்ற வேறொரு பிரிவில். அதற்கு உறவென்றால் குளத்து நீரில் வாழும் யூக்ளினாவும், தூக்க நோய் தரும் டிரிபனோசோமாவும்தான். நெக்லேரியா, யூக்ளினா, டிரிபனோசோமா மூன்றிலும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள் தட்டு வடிவம், அகாந்தமீபாவிலோ குழாய் வடிவம். மரபணுக்களை ஒப்பிட்டால் அகாந்தமீபா நெக்லேரியாவைவிட மனிதனுக்குத்தான் நெருக்கம். ஊர்வதற்காக நீட்டும் போலிக்காலை மட்டும் பார்த்து ஒன்றாகச் சேர்த்த பழைய வகைப்பாட்டின் குழப்பம் இன்னும் தீரவில்லை.

மருந்திலும் வேறுபாடு உண்டு. மெட்ரோனிடசோல் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் உயிரிக்குள் போனால்தான் வேலை செய்யும். குடலில் வாழும் என்டமீபாவை அது கொல்லும். ஆக்சிஜனைச் சுவாசிக்கும் நெக்லேரியாவிடம் பலிக்காது. அதற்கு ஆம்போடெரிசின் பி, மில்டெஃபோசின் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

நெக்லேரியாவைக் கண்டறிய, ஆய்வகத்தில் சத்தில்லாத அகார் என்ற கூழ்த்தட்டில் உணவாக ஈ.கோலை பாக்டீரியாவைப் பரப்பி, மாதிரியை 42 முதல் 45 டிகிரி செல்சியஸில் வளர்ப்பார்கள். பெரும்பாலான அமீபாக்கள் அந்தச் சூட்டைத் தாங்காது. வளர்ந்ததில் கொஞ்சம் எடுத்து 1 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கலந்து, 37 டிகிரியில் வைத்து, ஒரு மணி நேரம் கழிந்ததும் அவ்வப்போது நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நெக்லேரியா என்றால், ஊர்ந்துகொண்டிருந்த செல் நீள்உருண்டையாகி, சாட்டைபோன்ற இரண்டு கசையிழைகள் முளைத்து, சுழன்று சுழன்று நீந்தும். ஊரும் நிலையில் அதன் சைட்டோபிளாசத்தில், கசையிழைக்குச் சட்டமாக அமையும் நுண்குழல்களே கிடையாது. எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. பார்க்கப் பார்க்க வியப்பு அடங்காத காட்சி.

உணவுக் குறைவுதான் இந்த உருமாற்றத்துக்குத் தூண்டுதல். பாக்டீரியா நிறைய ஒட்டிவந்துவிட்டால் உருமாற்றம் நடக்காமல் போகலாம். சில ஸ்ட்ரெய்ன்கள் (ஒரே இனத்தின் உள்வகைகள்) என்ன செய்தாலும் மாறுவதில்லை. அதனால் கசையிழை வரவில்லை என்பதற்காக நெக்லேரியா இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

நெக்லேரியா பேரினத்தில் 40க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மனிதருக்கு நோய் தருவதாக அறியப்பட்டது ஃபௌலரி ஒன்றுதான். 1970இல் கார்ட்டர் அதற்குப் பெயரிட்டார். அதன் மிக நெருங்கிய உறவான லோவானியென்சிஸும் 45 டிகிரியில் வளரும், தோற்றமும் அதேதான், ஆனால் நோய் தராது. இனங்களை ஒப்பிடப் பயன்படும் 18எஸ் மரபணுவில்கூட இரண்டுக்கும் வேறுபாடு சொற்பம். டி.என்.ஏ.வில் வேகமாக மாறும் ஐ.டி.எஸ். என்ற பகுதிதான் பிரித்துக் காட்டும். எனவே குளத்து நீரில் சூடு தாங்கும் நெக்லேரியா கிடைத்தது என்ற அறிக்கையை, பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனையின் முடிவு வரும்வரை ஃபௌலரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயாளியின் தண்டுவட நீர் என்றால் காத்திருக்கவும் முடியாது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் அமீபாவின் அசைவு நின்றுவிடும். எடுத்த கையோடு ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும்.